ஒரு வீட்டுக்கு மட்டும்

கோட்டின் வலது கையை மாட்டியாயிற்று. இடது கை உள்ளே போகவில்லை. அவர் மனைவியின் முழங்கையை மெல்ல மடக்கிப் பார்த்தார், கோட்டைத் தளர்த்திப் பார்த்தார், கடைசியில் கட்டில்மேல் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு முதுகுப்பக்கமாகப் போய் முயன்றார். நைட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு. காமிராவில் இடுப்புக்கு மேலேதான் தெரியும் என்பது அவள் கணக்கு.

"பட்டன் வேண்டாங்க. மூச்சு முட்டுது."

"பட்டன் போடாத தலைவரம்மாவா? தீவுக்காரர் கேலி பண்ண மாட்டாரா?"

"அவர் முதல்ல தன் காமிராவை நேரா வைக்கட்டும். இத்தனை வருஷமா அவர் வீட்டு ஃபேனைத்தான் எல்லாரும் பாத்துக்கிட்டிருக்கோம்."

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வரும் குழாய் அவள் காதுகளைச் சுற்றி மூக்கில் முடிந்தது. நுரையீரல் கெட்டியாகிக்கொண்டே வருகிற நோய். ஆஸ்பத்திரிக்காரர்கள் இனி செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லி இந்த மெஷினோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவள் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர். யூனிட் என்ன விலை, கம்பெனி எங்கே கோட்டை விட்டது, விட்டதற்கு எவ்வளவு அபராதம் என்று முடிவு செய்கிற இடம். அது போதாதென்று சுற்றியுள்ள ஒன்பது நாட்டு ஆணையங்கள் சேர்ந்து நடத்தும் மன்றத்தின் தலைமையும் இந்த வருஷம் அவளுக்கு. கரண்ட், தண்ணீர், டெலிபோன் என்று ஆளுக்கொரு தலைவலியோடு வருவார்கள். மன்றத்தால் யாருக்கும் உத்தரவு போட முடியாது. எல்லாரும் சரி என்றால் ஒரு பொதுவிதி பிறக்கும், அதை அவரவர் நாட்டில் அமல்படுத்துவார்கள். ஒருவர் முகம் சுளித்தாலும் பிறக்காது. ஒன்பது மாமியாருக்கு வாக்கப்பட்ட ஒரே மருமகள் என்று அவர் அந்தப் பதவியைக் கிண்டல் செய்வார்.

மாநாடுகளுக்கு அவரும் கூடப் போயிருக்கிறார். 'துணைவியர் சுற்றுலா' என்று அட்டை ஒட்டிய பஸ்ஸில் அத்தனை பெண்களுக்கு நடுவே அவர் ஒருவர் மட்டும் ஆம்பளையாக உட்கார்ந்து, அருங்காட்சியகமும் கைப்பைக் கடையும் பார்த்துவிட்டு வருவார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரம் பேச அத்தனை பேரும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இன்றைக்கு அவள் தலைமையில் கடைசிக் கூட்டம். நாளையிலிருந்து நாற்காலி துணைத்தலைவரான தீவுக்காரருக்குப் போகிறது. கூட்டத்தில் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் மெஷினை நம்பி உயிரோடு இருக்கும் நோயாளிகளுக்குக் கரண்டை நிறுத்தும் முன்னால் சொல்ல வேண்டும், நீண்ட நேரம் நிறுத்தினால் ஜெனரேட்டர் கொடுக்க வேண்டும், இதைக் கம்பெனிகள் தயவாகச் செய்யாமல் கடமையாகச் செய்ய வேண்டும். அவளுக்கு நோய் வருவதற்கு முன்பிருந்தே இழுபறியாகக் கிடந்த விதி. ஒவ்வொருவராகப் போனில் பிடித்துக் கெஞ்சி, வாதாடி, எட்டுப் பேரைச் சரிக்கட்டிவிட்டாள். ஒன்பதாவது தீவுக்காரர். அவர் நாட்டில் மின்சாரக் கம்பெனி மந்திரியின் மச்சானுடையது.

"நீங்க தலைமையில இருந்து கேட்டீங்கன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன்மா. ஆனா நானா இதைக் கொண்டு வரமாட்டேன். என் நிலைமை உங்களுக்குத் தெரியும்," என்று சொல்லியிருந்தார். அவர் சும்மா இருந்தாலே போதும் என்று அவள் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

கோட்டின் இடது கை ஒருவழியாக உள்ளே போனது. அப்போது கரண்ட் போயிற்று.

மெஷின் ஒரு விக்கல் விக்கிவிட்டு, இன்வெர்ட்டரில் மறுபடி ஓட ஆரம்பித்தது. மகள் வாசலுக்கு ஓடிப்போய்த் திரும்பினாள். பல் டாக்டர். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து கிளினிக்கைப் பாதி நாள் மூடிவிட்டு இங்கேயே கிடக்கிறாள்.

"தெருக்கோடியில கம்பம் மாத்தறாங்களாம். சாயங்காலம் ஆகுமாம். நோயாளி இருக்கிற வீட்டுக்கெல்லாம் நேத்தே மெசேஜ் போயிருக்குன்னு சொல்றாங்க." அவள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவை. "அப்படின்னா நம்ம பேரு அந்த லிஸ்ட்லயே இல்லையா?"

இல்லைதான்.

"பேர் குடுக்கக் கூடாதும்மா," என்றாள் மனைவி, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கி. "இப்போ அது கம்பெனி பாத்துப் பண்ற தயவு. அதை நான் வாங்கிக்கிட்டு, அதைப் பத்தின விதிக்கு நானே தலைமை தாங்க முடியுமா? ஆதாயம் இருக்கிறவங்க அதைச் சொல்லிட்டு எழுந்திரிச்சுப் போகணும். அதுதான் மன்றத்து வழக்கம்."

"மூச்சு விடறது ஆதாயமாம்மா?"

"இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் ஆதாயம்தான்."

புத்தாண்டுக்குக் கம்பெனி அனுப்பும் காலண்டரைக்கூட வாசலோடு திருப்பி அனுப்புகிறவளிடம் என்ன பேசுவது? லிஸ்டில் சேரலாம் என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இந்தக் கூட்டம் முடியட்டும், மறுநாளே நானே எழுதிப் போடுகிறேன் என்றாள். அவரும் விட்டுவிட்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் முடிவெடுத்த பிறகு அவர் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

வீட்டிலிருந்த சிலிண்டர் போன வாரத்து மின்வெட்டுகளில் முக்கால்வாசி தீர்ந்திருந்தது. புதியதைக் கொண்டுவருவதாகச் சொன்ன கடைக்காரன் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தான். மகள் கார் சாவியை எடுத்தாள். "இருக்கிற சிலிண்டரைத் தயாரா வைங்கப்பா. எங்கயாவது ஒண்ணைப் புடிச்சுக்கிட்டு வந்துடறேன்."

அவள் போனதும் அவர் தன் போனிலிருந்து இன்டர்நெட்டைத் திறந்துவிட்டு, அதை மனைவியின் டேப்லெட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். திரையில் முகங்கள் வரிசையாக வந்தன. மூலையில் ஒரு மின்விசிறியும் வந்து சேர்ந்தது. அவள் முதுகை நிமிர்த்தினாள். குரலும் எங்கிருந்தோ வந்து நிமிர்ந்து நின்றது.

"எல்லாருக்கும் வணக்கம். ஆரம்பிக்கலாமா?"

அவர் காமிராவுக்குப் படாத ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். போன கூட்டத்தின் முடிவுகள், வரவு செலவு, ஊழியர் பயிற்சி. பயிற்சியை எந்த ஊரில் நடத்துவது என்பதற்கே ஆளாளுக்கு ஒரு பாட்டுப் பாடினார்கள். இவர்களுக்கெல்லாம் மூச்சு எவ்வளவு மலிவாக இருக்கிறது என்று அவருக்கு ஆத்திரம் வந்தது.

இன்வெர்ட்டர் கூவத் தொடங்கியது. பழைய பேட்டரி. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே நாள் ஓடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மெஷின் நின்றது. அவர் காமிராவுக்குக் கீழே தவழ்ந்து போய்க் குழாயைச் சிலிண்டரில் மாட்டினார். அவள் பேச்சை நிறுத்தாமலே ஒரு கையால் அவர் தலையைத் தொட்டு, இன்னும் கொஞ்சம் குனியச் சொன்னாள். சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தது.

கட்டில் ஓரத்தில் இருந்த அவளுடைய ஆபீஸ் போன் அதிர்ந்தது. மகள். அவர் அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"அப்பா, இந்தக் கடை பூட்டியிருக்குப்பா. அடுத்த கடைக்குப் போயிட்டிருக்கேன். முள் எங்க இருக்கு?"

"இருக்கு. நீ பாத்து ஓட்டு."

அவர் திரும்பி வந்து பார்த்தபோது முள் சிவப்புக்குள் இறங்கியிருந்தது. அவள் உதட்டில் சாயம் போட்ட மாதிரி ஒரு நீலம். பேச்சில் இடைவெளிகள் நீண்டன. திரையில் இருந்தவர்கள் அதைத் தலைவரின் நிதானம் என்று நினைத்திருக்கலாம். அவளுடைய விஷயத்துக்கு இன்னும் இரண்டு விஷயங்கள் பாக்கி இருந்தன.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் கூட்டம் போய்விடும். கூப்பிடாவிட்டால் அவள் போய்விடுவாள். மறுபடி சமையலறைக்குப் போய்க் கம்பெனியின் புகார் எண்ணைக் கூப்பிட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. முழுப் பாட்டையும் கேட்டார். மறுபடியும் அவருடைய அழைப்பு மிகவும் முக்கியம் என்றது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

கம்பெனியின் எம்.டி. நம்பர் அந்தப் போனில் இருந்தது. அவள் அதைக் கூப்பிட்டு அவர் பார்த்ததில்லை. ஆபீசில், பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டுதான் பேசுவாள். அவர் அழுத்தினார்.

"சொல்லுங்க மேடம்!" என்றது குரல், ஒரே மணியில்.

"நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன். வீட்டுல கரண்ட் இல்ல. அவளுக்கு மூச்சு..."

"அடடா, என்ன சார் இது, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதா? இதோ, ஆள் அனுப்பறேன். பக்கத்துலதான் இருக்காங்க."

"அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"புரியுது சார். சத்தமில்லாம முடிச்சுடுவோம்."

சத்தமில்லாமல் வந்தது ஒரு டீசல் ஜெனரேட்டர். வேனிலிருந்து இறக்கி, கேட்டுக்குப் பக்கத்தில் வைத்து, கம்பெனி ஆள் கயிற்றை இழுத்தான். தெருவே திரும்பிப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டி, "தம்பி, எங்களுக்கும் ஒரு லைன் கிடைக்குமா?" என்றார்.

"இல்ல சார். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும்தான் சொல்லியிருக்காங்க."

ஜன்னல் வழியாக ஒரே ஒரு ஒயர் அறைக்குள் வந்தது. அதன் நுனியில் ஒரே ஒரு பிளக் மாட்டக்கூடிய பெட்டி. அவர் மெஷினை அதில் மாட்டி, குழாயை மாற்றினார். உறுமல் கேட்டது. அவள் கண்களை மூடி இரண்டு மூன்று முறை ஆழமாக இழுத்தாள். உதட்டில் நிறம் திரும்பியது. அவருக்கு அந்தக் கணத்தில் இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

திரையில் செயலாளர் சொல்லிக்கொண்டிருந்தார். "அடுத்தது, வீட்டில் உயிர்காக்கும் கருவி வைத்திருப்பவர்கள் பற்றிய விதி. தலைவர் அவர்கள்..."

அவள் கை நீண்டு டேப்லெட்டில் ஒலியை நிறுத்தியது.

"யாரைக் கூப்பிட்டீங்க?"

"புகார் நம்பருக்குத்தான்."

"ஏங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் தரையைப் பார்த்தார்.

"எம்.டி.யை," என்றார். "நீ சொல்லாதே. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். யாருக்கும் தெரியாது. ரெண்டு நிமிஷம். கேட்டு முடிச்சுடு. அப்புறம் என்னை என்ன வேணும்னாலும் சொல்லு."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். திரையில் எட்டு முகங்களும் ஒரு ஃபேனும் காத்திருந்தன. அவள் ஒலியைத் திறந்தாள்.

"மன்னிக்கணும். இந்த விஷயத்துக்கு நான் தலைமை தாங்க முடியாது. சில நிமிஷத்துக்கு முன்னாடி, என் சிகிச்சைக்காக, என் ஆணையத்துக்குக் கீழே இருக்கிற கம்பெனிகிட்ட இருந்து ஒரு தனி உதவி வாங்கியிருக்கேன். துணைத்தலைவர் நாற்காலியை ஏத்துக்கணும்."

பிறகு மின்விசிறி ஆடி, காமிரா முதல்முறையாகக் கீழே இறங்கி, தீவுக்காரரின் முகம் தெரிந்தது. வயதான, நல்ல முகம். வேர்த்திருந்தது.

"அம்மா, இதெல்லாம் ஒரு விஷயமா? மறுபடி யோசிச்சுப் பாருங்க," என்றார். அவள் பதில் சொல்லவில்லை. ஆதாயம் சொல்லி விலகியவர் அந்த விஷயத்தில் பேசக் கூடாது. தீவுக்காரர் தன் மேஜையைப் பார்த்தார், பக்கவாட்டில் யாரையோ பார்த்தார். "அப்படின்னா... இதை அடுத்த கூட்டத்துக்கு வச்சுக்கலாம்னு நினைக்கறேன். யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?"

யாருக்கும் இல்லை. எல்லாருக்கும் மதியச் சாப்பாட்டு நேரம்.

தலைமை மறுபடி அவளிடம் வந்தது. மிச்சமிருந்த விஷயத்தை முடித்து, நன்றி சொல்லி, அடுத்த வருஷத்துத் தலைமையை முறைப்படி ஒப்படைத்தாள். ஒன்பது சின்னக் கட்டங்களில் கை தட்டினார்கள். சத்தம் முன்னே பின்னே வந்து சேர்ந்தது. அவர் டேப்லெட்டை மூடினார்.

கார் வந்து நின்றது. மகள் சிலிண்டரை உருட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். "கிடைச்சுடுச்சுப்பா! ஃபுல்லா இருக்கு!" என்றவள், ஜன்னலில் வந்திருந்த ஒயரையும் அம்மாவின் முகத்தையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பழைய சிலிண்டரின் முள் அதுவரை தாங்கியிருக்குமா? அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் விடை வரவில்லை. ஆயுசு முழுக்க அந்தக் கணக்கு வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கோட்டைக் கழற்றுவது மாட்டியதைவிடச் சுலபமாக இருந்தது. அவள் உடம்பில் எதிர்ப்பு என்று ஒன்றும் இல்லை. தலையணையில் சாய்த்தார்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்," என்றார்.

"ஆமா. பண்ணீங்க."

வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்து, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"அப்புறம் சாப்பிடறேன்."

"இப்பவே சாப்பிடுங்க. மருந்து போடணுமில்ல."

அவர் சமையலறையில் நின்றபடி எதையோ இரண்டு வாய் போட்டுக்கொண்டார். அவள்மேல் கோபம் வந்தது. ஒருவரும் கேட்காத கேள்விக்கு அப்படியென்ன பதில் சொல்லியாக வேண்டும்? அந்த விதி வந்திருந்தால் எத்தனை வீட்டுக்குப் பிரயோஜனம்? இதை அவளிடமே கேட்டுவிடுவதென்று கை கழுவிக்கொண்டு போனார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கேட்கலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியபோது மகள் தண்ணீர் கொடுக்க வந்தாள். குனிந்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கழுத்தில் விரலை வைத்தாள், மணிக்கட்டில் வைத்தாள், மறுபடி கழுத்தில் வைத்தாள்.

"எனக்குத் தெரியலப்பா," என்று அழுதாள். "நான் பல் டாக்டர்தானே. எனக்குச் சரியாத் தெரியல."

அவளுக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டுமே. வழக்கமான டாக்டர் போனை எடுக்கவில்லை. நேரில் போய் அழைத்துவருவதாக மகள் செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பினாள்.

அவர் தனியாக இருந்தார். மூக்கிலிருந்த குழாயை எடுக்கவில்லை. மெஷின் காற்றை அனுப்பிக்கொண்டே இருந்தது, அதை நிறுத்த அவருக்குக் கை வரவில்லை. அதை நிறுத்தினால் அப்புறம் இந்த வீட்டில் செய்ய ஒன்றுமே இருக்காது.

கதவு தட்டப்பட்டது. அதற்குள் டாக்டரா என்று போய்த் திறந்தார். எதிர்வீட்டில் தையல் வேலை செய்கிற அம்மா நின்றிருந்தார். ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார், இன்னொரு கையில் ஒரு துணிப்பை. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. நெஞ்சில் விசில் அடிப்பது வாசல் வரை கேட்டது.

"சார்... வீசிங்... காலையிலேருந்து." பையைத் திறந்து நெபுலைசரைக் காட்டினார். "உங்க வீட்டுல மட்டும்... கரண்ட்... கொஞ்ச நேரம்..."

வீட்டில் உயிரோடிருந்தது ஒரே ஒரு பிளக் பெட்டி. அவர் வழிவிட்டார். அந்த அம்மா அறை வாசல் வரை வந்து, கட்டிலைப் பார்த்து, புரிந்துகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டார். பின்வாங்கப் பார்த்தார். அதற்கும் மூச்சு போதாமல் சுவரில் சாய்ந்து சரிந்தார்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்த அம்மாவை உட்கார வைத்தார். குனிந்து, ஆக்சிஜன் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். உறுமல் தேய்ந்து நின்றது. நெபுலைசரை அதே இடத்தில் மாட்டி, மாஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். வெள்ளைப் புகை கிளம்பியது. அந்த அம்மா மாஸ்க்கை முகத்தில் அழுத்திக்கொண்டு, கட்டிலைக் காட்டி, கண்ணீரோடு ஏதோ சொல்ல முயன்றார்.

"பேசாதீங்கம்மா," என்றார் அவர். "முதல்ல மூச்சு விடுங்க."

விசில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிடுங்கிய பிளக் அவர் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.